ராணி உடை மாற்றுவதும் அரசாங்கக் காரியம்தான்

1770 ஜூலை 12 அன்று, பிரான்ஸ் ராஜ குடும்பத்துக்கு மருமகளாக வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பதினாலு வயதுப் பெண் ஒருத்தி, வியன்னாவில் இருக்கும் தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதினாள். காலையில் எழுவதிலிருந்து இரவு படுப்பதுவரை என்ன செய்கிறேன் என்று மணிவாரியாகச் சொல்லும் கடிதம்.

ஒன்பது, ஒன்பதரை, சில நாள் பத்து மணிக்கு எழுந்திருக்கிறாள். உடுத்திக்கொண்டு பிரார்த்தனை, காலை உணவு. அப்புறம் கணவனின் அத்தைமார் அறைக்குப் போகிறாள். பெரும்பாலும் ராஜாவும், அதாவது கணவனின் தாத்தாவும், அங்கேதான் இருப்பார். பதினொரு மணிக்குத் தலை அலங்காரம். பன்னிரண்டு மணிவாக்கில் கதவு திறக்கும், அந்தஸ்துள்ளவர்கள் எல்லோரும் உள்ளே வருவார்கள். அத்தனை பேர் முன்னிலையிலும் கன்னத்துக்குச் சிவப்புப் பூசிக் கைகழுவிக்கொள்கிறாள். ஆண்கள் வெளியே போனதும், பெண்கள் பார்த்திருக்க உடை மாற்றுகிறாள். பிறகு தேவாலய வழிபாடு. அது முடிந்து, கணவனும் அவளும் ஊரார் பார்க்க உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இருவருமே வேகமாகச் சாப்பிடுவதால் ஒன்றரை மணிக்கெல்லாம் முடிந்துவிடுகிறதாம்.

மதியத்தில் கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் தையல். ராஜாவுக்கு ஒரு கையில்லாத கோட்டு செய்துகொண்டிருக்கிறாள். வேலை நகரவே மாட்டேன் என்கிறது, கடவுள் புண்ணியத்தில் சில வருஷங்களில் முடிந்துவிடும் என்று அவளே கேலியாக எழுதுகிறாள். நாலு மணிக்குப் பாதிரியார் பாடம், ஐந்துக்குச் சங்கீதம், ஏழுக்குச் சீட்டாட்டம், ஒன்பதுக்கு இரவுச் சாப்பாடு. பத்தே முக்காலுக்கு வரப்போகும் ராஜாவுக்காகக் காத்திருக்கும்போது பெரிய சோபா ஒன்றில் படுத்துத் தூங்கிவிடுகிறாள்.

அந்தப் பெண்தான் மேரி அன்டோனெட். அம்மா, ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசா. நான்கு வருஷத்தில், 1774 மே மாதத்தில், கணவர் பதினாறாம் லூயி என்ற பெயரில் பட்டத்துக்கு வர, இவர் பதினெட்டு வயதில் ராணியானார். எனவே இனி 'அவர்' என்றே சொல்வோம்.

சரித்திரத்தில் ராணிகள் தினசரி எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடினால் நகைப்பெட்டிகளும் காதல் கதைகளும்தான் அதிகம் அகப்படும். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை அவர்கள் எப்படிக் கழித்தார்கள் என்பது அபூர்வமாகவே பதிவாகியிருக்கிறது. மேரி அன்டோனெட் விஷயத்தில் அது கிடைக்கிறது. அம்மாவும் மகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள் இருக்கின்றன. ஆஸ்திரியத் தூதர் மெர்சி அனுப்பிய அறிக்கைகள் இருக்கின்றன. ராணியின் அறையில் வருடக்கணக்கில் வேலை பார்த்த மதாம் கம்பான் பின்னாளில் எழுதிய நினைவுகளும் இருக்கின்றன. கம்பானுக்கு ராணிமேல் பாசம் அதிகம். அதனால் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அவர் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படிக்கலாம். ஆனால் உள்ளங்கியை யார் யாரிடம் நீட்ட வேண்டும் என்பது போன்ற விஷயங்களில் அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. தன் கையால் அதைச் செய்தவர் அவர்.

வெர்சாய் அரண்மனையின் முறைமையைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பெரிய கோயில் ஒன்றின் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பள்ளியெழுச்சி, அபிஷேகம், அலங்காரம், நைவேத்தியம், தரிசனம், கடைசியில் பள்ளியறை. ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு, ஒவ்வொன்றையும் செய்வதற்கு உரிமைக்காரர் உண்டு. பரிவட்டம் முதலில் யாருக்கு என்பதில் தகராறு வந்தால் ஊரே இரண்டாகும். துணி என்ன விலை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. யார் கைக்கு முதலில் வந்தது என்பதுதான் பேச்சு. வெர்சாயில் ராஜாவும் ராணியும் கர்ப்பக்கிருகத்து மூர்த்தி மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், இந்த மூர்த்திகளுக்குக் குளிரும், பசிக்கும், எரிச்சல் வரும்.

இதைத் திட்டமிட்டு வளர்த்தவர் பதினாலாம் லூயி. 1682-இல் அரசவையை வெர்சாய்க்கு நிரந்தரமாகக் கொண்டுவந்தார். தத்தம் கோட்டையில் உட்கார்ந்து கலகம் செய்யக்கூடிய பிரபுக்களை இங்கே வரவழைத்து, ராஜா படுக்கப் போகும்போது மெழுகுவர்த்தி பிடிக்கும் பாக்கியத்துக்குப் போட்டியிட வைத்தார். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. இதனால் அரச குடும்பத்தார் செய்யும் சின்னச் சின்ன உடல் காரியம் ஒவ்வொன்றும் ஒரு பதவியாகியது. பதவி என்றால் சம்பளம், சலுகை, குடும்பப் பெருமை எல்லாம் சேர்ந்தது.

இப்போது ராணியின் காலைக்கு வருவோம். கண் விழித்ததும் அறைப்பெண் ஒருவர் ஒரு புத்தகத்தை நீட்டுவார். கதைப் புத்தகம் இல்லை. ராணியின் உடைகள் ஒவ்வொன்றிலிருந்தும் வெட்டி ஒட்டிய துணித் துண்டுகள் கொண்ட புத்தகம். கூடவே குண்டூசிகள். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, மாலைச் சடங்குக்கு ஒன்று என்று அன்று உடுத்த வேண்டியவற்றின்மேல் ராணி ஊசி குத்துவார். புத்தகம் உடைக் கிடங்குக்குப் போகும், உடைகள் டஃபேட்டா துணியில் பொதிந்து வரும். 1782-ஆம் வருடத்துப் புத்தகம் இன்றும் பிரான்ஸ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

குளிக்கும் நாட்களில், மிதியடி வடிவத்தில் இருக்கும் ஒரு தொட்டியை அறைக்குள் உருட்டிக்கொண்டு வருவார்கள். ராணி குளிப்பது கழுத்துவரை பொத்தான் போட்ட நீண்ட ஃபிளானல் அங்கியோடு. தொட்டியிலிருந்து எழும்போது, வேலைக்காரப் பெண்கள்கூடப் பார்க்காதபடி ஒருவர் முன்னால் துணியை உயர்த்திப் பிடிக்க வேண்டும். காலை உணவாகக் காபியோ சாக்லேட் பானமோ அந்தத் தொட்டியின் மூடிமேல் தட்டு வைத்துத் தருவார்கள். ஊரே பார்க்க உடை மாற்றும் ஒருவருக்கு இவ்வளவு கூச்சமா என்று தோன்றும். ஊரே பார்ப்பதால்தான் இவ்வளவு கூச்சம் என்று எனக்குப் படுகிறது.

உடை மாற்றும் நேரத்துக்கு ஒரு விதி: அறையில் இருப்பவர்களில் அந்தஸ்தில் உயர்ந்த பெண்தான் ராணிக்கு உள்ளங்கியைக் கொடுக்க வேண்டும். இந்த விதி எப்படி வேலை செய்தது என்பதற்குக் கம்பான் சொல்லும் ஒரு குளிர்காலக் காலை போதும்.

ராணி ஆடை களைந்து நிற்கிறார். கம்பான் உள்ளங்கியை விரித்துப் பிடித்திருக்கிறார். தலைமைத் தோழி உள்ளே வருகிறார். அவருக்கே உரிமை என்பதால் அவசரமாகக் கையுறையைக் கழற்றி அங்கியை வாங்கிக்கொள்கிறார். கதவை யாரோ சுரண்டும் சத்தம். (வெர்சாயில் கதவைத் தட்டுவது மரியாதைக் குறைவு, நகத்தால் மெதுவாகச் சுரண்ட வேண்டும்.) வந்தவர் ஓர்லியான் கோமகள், அரச ரத்தம். அவரும் கையுறையைக் கழற்றுகிறார். தலைமைத் தோழி அங்கியை நேராக அவரிடம் நீட்டக்கூடாது. கம்பானிடம் திருப்பிக் கொடுத்து, கம்பான் கோமகளிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தாயிற்று. மறுபடி சுரண்டல். இம்முறை ராஜாவின் தம்பி மனைவி. அவர் இன்னும் உயர்ந்தவர். அங்கி மறுபடி கை மாறுகிறது. இவ்வளவு நேரமும் ராணி மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு குளிரில் நிற்கிறார். ஓரகத்தி நிலைமையைப் பார்த்துவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் கைக்குட்டையைக் கீழே போட்டு, அவசரமாக அங்கியை மாட்டிவிடுகிறார். அதில் ராணியின் தலை அலங்காரம் கலைகிறது. ராணி சிரித்துச் சமாளிக்கிறார், ஆனால் வாய்க்குள், சகிக்கவில்லை, என்ன தொல்லை இது என்று முணுமுணுக்கிறார்.

படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்த அறையில் யாருமே முட்டாள்தனமாக நடந்துகொள்ளவில்லை. அங்கியை விட்டுக்கொடுத்தால் பதவியையே விட்டுக்கொடுத்த மாதிரி. இன்று ஒருத்தி விட்டுக்கொடுத்தால் நாளை அவள் மகளுக்கு அந்த இடம் இருக்காது.

பகல் தரிசனத்திலும் இதே கணக்குதான். ராணி கண்ணாடி முன் உட்கார்ந்திருக்க, வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்வதில் மூன்று அளவு உண்டு. சிலருக்கு வெறும் தலையசைப்பு. சிலருக்கு உடலை லேசாகச் சாய்ப்பது. அரச ரத்தத்து இளவரசர் வந்தால் மட்டும், எழுந்திருக்கப் போவதுபோல மேஜைமேல் கையை ஊன்றுவது. ஊன்றினால் போதும், எழ வேண்டாம். ராணி முன்னால் உட்காரும் உரிமையும் எல்லோருக்கும் கிடையாது. கோமகள்களுக்குச் சாய்வில்லாத சின்ன முக்காலி கிடைக்கும். அந்த முக்காலிக்காகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஏங்கின. மற்றவர்கள் நிற்க வேண்டியதுதான்.

பேச்சுக்கும் விதி இருந்தது. தாழ்ந்தவர் முதலில் வாய் திறக்கக்கூடாது. இதை இளவரசியாக இருந்த காலத்தில் மேரி அன்டோனெட் ஆயுதமாகவே பயன்படுத்தினார். கிழ ராஜா பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி மதாம் து பாரியை அவருக்குப் பிடிக்காது. அதனால் பேசவே இல்லை. இவர் பேசாமல் அவர் பேச முடியாது. மாதக்கணக்கில் இது ஓடியது. ராஜா கோபப்பட்டார், தூதர் மெர்சி கெஞ்சினார், வியன்னாவிலிருந்து அம்மா அதட்டினார். இரண்டு நாட்டு உறவே இதில் மாட்டிக்கொண்டது. கடைசியில் 1772 புத்தாண்டு நாளில், இன்று வெர்சாயில் நிறையக் கூட்டம் என்று ஒற்றை வாக்கியத்தை து பாரி பக்கம் பார்த்துச் சொல்லி வைத்தார். நம் வீட்டுக் கல்யாணங்களில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகள் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டுவைப்பார்களே, அது மாதிரி.

சாப்பாட்டுக்கு வருவோம். நாகரிகமாக உடுத்திய யாரும் அரண்மனைக்குள் வரலாம். ஆணாக இருந்தால் இடுப்பில் வாள் வேண்டும். இல்லாதவருக்கு வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். அப்படி வந்த வெளியூர்க்காரர்களுக்கு அரச குடும்பம் சாப்பிடுவதைப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. இளவரசி சூப் குடிப்பதை இங்கே பார்த்துவிட்டு, இளவரசர்கள் வேகவைத்த இறைச்சி சாப்பிடுவதைப் பார்க்க அங்கே ஓடி, கிழ ராஜாவின் மகள்கள் பழம் சாப்பிடுவதைப் பார்க்க மூச்சிரைக்க மாடிப்படி ஏறுவார்களாம். ராஜா நன்றாகவே சாப்பிடுவார். ராணியோ இந்தக் காட்சி விருந்துகளில் கையுறையைக் கழற்றாமல், நாப்கினை விரிக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துவிடுவார். பசியை அப்புறம் தன் அறையில் தீர்த்துக்கொள்வார். கம்பான் சொல்வதைப் பார்த்தால் மிதமான சாப்பாடுதான்: கோழி, குடிக்கத் தண்ணீர். மது கிடையாது.

(ஜனங்களுக்கு ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்று ராணி சொன்னதாக உலவும் கதையை இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். அதை அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. அவர் வியன்னாவில் சிறுமியாக இருந்த காலத்திலேயே, பெயர் சொல்லாத ஒரு இளவரசி சொன்னதாக அந்த வாசகத்தை எழுதி வைத்துவிட்டார்கள்.)

செலவு விஷயத்தில் அவ்வளவு சுலபமாக அவரைத் தப்பவிட முடியாது. உடைக்கென்று வருடத்துக்கு ஒதுக்கிய தொகை 120,000 லிவ்ரு (அன்றைய பிரெஞ்சுப் பணம்). 1785-இல் ஆன செலவு 258,000-த்தைத் தொட்டது. ஆனால் இதில் முறைமையின் பங்கும் உண்டு. குளிர்காலத்துக்கு மட்டும் மூன்று வகையில் பன்னிரண்டு பன்னிரண்டாக முப்பத்தாறு பெரிய உடைகள். கோடைக்கு அதே அளவு. பருவம் முடிந்ததும் கழித்த உடைகள் உடைப் பொறுப்பாளருக்கும் அறைப்பெண்களுக்கும் சேர வேண்டும். மெழுகுவர்த்திகள்கூட அப்படித்தான். தினமும் புதிதாக வைக்க வேண்டும். முதல் நாள் மிச்சத்தை விற்று வரும் காசு அறைப்பெண்களுக்கு. ஆக, ராணி சிக்கனம் பிடித்தால் பலருடைய வருமானத்தில் கைவைத்ததாகும்.

அவருக்குப் பிடித்த உடைக் கலைஞர் ரோஸ் பெர்தான் பாரிஸில் கடை வைத்திருந்த பெண். கடையின் பெயர் 'பெரிய மொகலாயர்'! டெல்லி பாதுஷாவின் பேரில் பாரிஸில் தொப்பியும் ரிப்பனும் விற்றிருக்கிறார்கள். வியாபாரிப் பெண் பொதுத் தரிசனத்துக்குள் வர முடியாது. எனவே ராணி கூட்டத்தின் முன் தலையலங்காரத்தை முடித்துக்கொண்டு, எல்லோருக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, உள்ளறைக்குப் போய் அங்கே காத்திருக்கும் பெர்தானிடம் உடுத்திக்கொள்ள ஆரம்பித்தார். உள்ளங்கி நீட்டும் உரிமைக்காரர்கள் வெளியே நின்றார்கள். சின்ன மாற்றம்தான், ஆனால் அவர்கள் மறக்கவில்லை.

ராணியின் உடம்பும் அவருக்குச் சொந்தமில்லை. வாரிசு தருவதுதான் அவருடைய முதல் வேலை. திருமணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. மாதவிலக்கு எப்போது வந்தது என்பதுவரை வியன்னாவுக்கு எழுத வேண்டியிருந்தது. போதாததற்கு, ராணியின் வேலையாட்களில் ஒரு பெண்ணையும் இரண்டு ஆண்களையும் தூதர் மெர்சி தன் கையில் வைத்துக்கொண்டு வேவு பார்த்தார். அம்மாவுக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரிகிறது என்று மகள் வியந்திருப்பார்.

1778 டிசம்பர் 19 அன்று பிரசவம். அரசவைப் பிரசவம் பலர் பார்க்க நடக்க வேண்டும்; குழந்தையை யாரும் மாற்றி வைக்கவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ராணிக்கு வலி வந்துவிட்டது என்று மருத்துவர் உரக்கச் சொன்னதும், முன்பின் தெரியாதவர்கள்கூட அறைக்குள் பாய்ந்தார்கள். இரண்டு பேர் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மேஜை நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். கட்டிலைச் சுற்றி நிறுத்திய திரைகளை முன்னிரவே ராஜா கயிறு போட்டுக் கட்டச் சொல்லியிருந்தார், இல்லாவிட்டால் ராணிமேலேயே சரிந்திருக்கும். பெண் குழந்தை பிறந்தது, காற்றில்லாமல் ராணி மயங்கினார். குளிருக்காகக் காகிதம் ஒட்டி அடைத்திருந்த ஜன்னல்களை ராஜாவே இழுத்துத் திறந்தார். அதற்குப் பிறகுதான், கண்டவரையும் பிரசவ அறைக்குள் விடும் வழக்கத்தை நிறுத்தினார்கள்.

இப்படி வாழ்ந்தவர் ஒதுங்க ஓரிடம் தேடியதில் ஆச்சரியமில்லை. அரண்மனைத் தோட்டத்தின் கோடியில் இருந்த பெத்தி த்ரியானோன் என்ற சின்ன மாளிகையை 1774-இல் ராஜா அவருக்குக் கொடுத்தார். அங்கே அழைப்பில்லாமல் யாரும் வரக்கூடாது. ராணி உள்ளே நுழைந்தால் பியானோ வாசிப்பவர் வாசிப்பை நிறுத்த வேண்டாம், தைப்பவர் எழுந்திருக்க வேண்டாம். 1783-இலிருந்து பக்கத்திலேயே ஒரு குட்டிக் கிராமம் எழுந்தது. ராணி அங்கே இடைச்சி வேஷம் போட்டு ஆடுமேய்த்தார் என்று சொல்வார்கள். அது நிஜமாகவே குடியானவரை வைத்து நடந்த பண்ணை, பாலும் முட்டையும் அங்கிருந்து வந்தன.

நமக்கு நியாயமாகப் படும் இந்த ஓய்வுதான் அரசியலில் அவருக்கு வினையானது. பெரிய குடும்பத்துப் பிரபுக்கள் தரிசனத்துக்கு வந்தால் ராணி இல்லை. போலினாக் கோமகள் போன்ற சில நெருங்கிய தோழிகளோடு த்ரியானோனில் இருக்கிறார். வந்தவர்கள் பாரிஸுக்குத் திரும்பினார்கள், அங்கே போய்ப் பேசினார்கள். மூடிய கதவுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஆளுக்கொரு கதை. ராணியைப் பற்றிப் பின்னால் புரட்சிக்காரர்கள் பரப்பிய அசிங்கங்களில் பாதி, முதலில் வெர்சாய் வராந்தாக்களில் பிறந்தவை என்பேன்.

1783-இல் ஓவியர் விஜே லெ ப்ரூன், வெள்ளை மஸ்லின் உடையில் ராணியை வரைந்த படம் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. சட்டகம் போட்ட பாவாடை இல்லை, கனத்த பட்டு இல்லை. த்ரியானோனில் உடுத்தும் அதே எளிய உடை. ராணி உள்ளங்கியோடு நிற்கிறாள் என்று கூச்சல் எழுந்தது. நாட்டு ராணி பட்டை விட்டுவிட்டு மஸ்லின் உடுத்தினால் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்கள் பிழைப்பது எப்படி என்றும் கேட்டார்கள். படத்தைக் கழற்றி, பட்டுடை உடுத்திய இன்னொரு படத்தை மாட்டினார்கள். ஆடம்பரமாக இருந்தாலும் திட்டு, எளிமையாக இருந்தாலும் திட்டு.

ராணியின் படுக்கையறை இன்றும் வெர்சாயில் பார்க்கக் கிடைக்கிறது. பதினாலாம் லூயியின் மனைவி காலம் தொட்டு, அரச குடும்பத்துக் குழந்தைகள் 19 பேர் பிறந்த அறை. கட்டிலின் இடப்பக்கச் சுவரில், சுவரோடு சுவராகத் தெரியும் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்தால் ராணியின் சொந்தச் சிற்றறைகள். தரிசனம் முடிந்து அவர் மறைந்ததெல்லாம் இந்தக் கதவு வழியாகத்தான். 1775-இல், அரசவைக்காரர்களின் கண்ணில் படாமல் ராஜா ராணியின் அறைக்கு வந்துபோக ஒரு ரகசிய நடையும் கட்டினார்கள்.

1789 அக்டோபர் 6 விடியற்காலை, பாரிஸிலிருந்து ரொட்டி கேட்டு வந்திருந்த கூட்டத்தில் ஒரு பகுதி அரண்மனைக்குள் புகுந்தது. காவலர்கள் வாசலில் வெட்டுப்பட்டார்கள். அறையில் இருந்த இரண்டு பெண்கள் ராணியை எழுப்பி, நாடாவைக்கூட முடியாமல் ஒரு பாவாடையை அவர்மேல் மாட்டினார்கள். யார் கையால் யார் வாங்குவது என்று பார்க்க நேரமில்லை. கட்டிலோரச் சின்னக் கதவு வழியாக ராஜாவின் பக்கம் ஓடினார்கள். அதே நேரத்தில் ராஜா ரகசிய நடை வழியாக ராணியைத் தேடி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். ராணி போய்ச் சேர்ந்த இடத்தில் கதவு மறுபுறம் பூட்டியிருந்தது. வருஷக்கணக்காக நகத்தால் சுரண்டும் சத்தத்தையே கேட்டுப் பழகிய அந்தப் பெண்கள், உள்ளே இருக்கும் வேலைக்காரன் ஒருவன் வந்து திறக்கும்வரை, அந்தக் கதவைப் படார் படாரென்று தட்டிக்கொண்டே நின்றார்கள். அன்று மதியம் குடும்பம் முழுவதும் பாரிஸுக்கு வண்டி ஏறியது. ராணி அந்த அறைக்குத் திரும்பவில்லை.